விடுபட்ட ஒரு வரி: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்கள் 39 பேருக்கும் மாநிலங்களவை உறுப்பினர்கள் 18 பேருக்கும்,

வணக்கம்.

ரேடியோ, டேப்ரெக்கார்டர், டிவி பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தெருவில் ஒரே கடை. 1991 மே மாதம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு 19 வயது. ஒன்பது வோல்ட் பேட்டரி என்றால் உங்களில் பலருக்கு எது என்று தெரியாமல் இருக்கலாம். தீப்பெட்டியைவிடச் சற்றுத் தடியாக, நீள்சதுரமாக, தலையில் இரண்டு பித்தான்கள் வைத்தாற்போல் இருக்கும். மல்டிமீட்டருக்குள் அதுதான் கிடக்கும். வாக்கி டாக்கி பொம்மைக்கும் அதுதான். சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க நாக்கில் வைத்துப் பார்ப்போம், சுருக்கென்று இருக்கும். கல்லூரி ப்ராஜெக்டுக்காக நானே எத்தனையோ வாங்கியிருக்கிறேன். கூடப் படித்தவன் கேட்டால் அவனுக்கும் வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டதாக நினைவில்லை.

அதே மே மாதத்தில், அதே வயதில், அதே படிப்பை முடித்திருந்த இன்னொருவர் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு 31 ஆண்டுகள் போயின. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஜோலார்பேட்டை பேரறிவாளனைத்தான் சொல்கிறேன்.

அவர்தான் வெளியே வந்துவிட்டாரே, இப்போது எதற்கு இந்த மடல் என்று நீங்கள் கேட்கலாம். 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நானும் அழுதேன். ஆனால் அந்தத் தீர்ப்பை வரிவரியாகப் படித்தபோது ஒன்று உறுத்தியது. அவர் குற்றம் செய்தாரா, செய்யவில்லையா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. அமைச்சரவை 2018 செப்டம்பரில் செய்த பரிந்துரையை ஆளுநர் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது தவறு, அதனால் அரசமைப்பின் 142-ஆவது பிரிவில் உள்ள தனி அதிகாரத்தைக் கொண்டு விடுவிக்கிறோம் என்பதுதான் சாரம். 1999-ல் அவர்மீது எழுதப்பட்ட தீர்ப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. ஏட்டில் அவர் கொலைச் சதிக் குற்றவாளி. தண்டனை முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஏட்டில் உள்ள பழியின் அடித்தளத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. விட்டவரே அதைச் சொல்லியிருக்கிறார்.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இடுப்பில் குண்டு கட்டி வந்த தணு வெடித்தபோது பாதுகாப்புப் பணியில் நின்ற காவலர்களும் கூட்டத்துக்கு வந்த எளிய மனிதர்களும் மாண்டார்கள். ஜூன் 11 அன்று சென்னை பெரியார் திடலில் புலனாய்வுக் குழுவினர் பேரறிவாளனை அழைத்துப் போனார்கள். விசாரித்துவிட்டுக் காலையில் அனுப்பிவிடுகிறோம் என்று சொன்னதாக அவர் தாய் அற்புதம் அம்மாள் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலை வர 2022 ஆனது.

காவலில் இருந்தபோது அவரிடமிருந்து ஒப்புதல் வாக்குமூலம் பதிவானது. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கி சிவராசனிடம் (கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய புலிகள் ஆள்) கொடுத்தேன், அவற்றைத்தான் அவர் குண்டு வெடிக்கப் பயன்படுத்தினார் என்ற பொருளில் அதில் ஒரு பகுதி இருந்தது. தொழில் தெரிந்தவனாக எனக்கு இங்கேயே ஒரு சந்தேகம். குண்டு செய்த இடத்தில் அவர் இருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. இல்லாத ஒருவருக்கு, தான் கொடுத்த அதே இரண்டு பேட்டரிகள்தான் பெல்ட்டுக்குள் போயின என்று எப்படித் தெரியும்? வெடித்த பிறகு கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கலாம், அல்லது கேட்டவர் சொல்லித் தந்ததைத் திரும்பச் சொல்லியிருக்கலாம். அந்த வாசகத்தில் அறிவு எது, ஊகம் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லை. வாங்கும்போது எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் ஒரு மனிதனின் கழுத்து தொங்கியது.

அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் சிபிஐ கண்காணிப்பாளராக இருந்த வி. தியாகராஜன். வழக்கில் 17 பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தவரும் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு, 2013 நவம்பரில் அவர் வாய் திறந்தார். பேட்டரிகள் எதற்கு என்று தனக்கு அப்போது தெரியாது என்று பேரறிவாளன் சொன்னார், அதை நான் எழுதவில்லை, எழுதியிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே நின்றிருக்காது என்றார். வருந்துவதாகவும் சொன்னார். பிற்பாடு இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார்.

அந்தச் செய்தியைப் படித்த நாள் கடையைத் திறக்க மனம் வரவில்லை. 22 ஆண்டுகள். அதில் இரண்டு முறை தூக்குக்கு நெருக்கமாகப் போய் வந்தார். 2011-ல் செப்டம்பர் 9 என்று தேதியே குறித்தார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டாள். சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் ஆகஸ்ட் 30 அன்று. பத்து நாள் இடைவெளி. அந்தத் தடை வராமல் போயிருந்தால் 2013-ல் தியாகராஜன் யாருக்காக வருந்தியிருப்பார்?

ஆனால் ஓர் அதிகாரியைப் பழித்துவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை. பிந்தி வந்தாலும் உண்மையைச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும், அதற்காக அவருக்கு என் நன்றி. அவர் கையில் அந்தப் பேனாவைக் கொடுத்தது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே மன்றம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-ல் வெள்ளைக்காரன் போட்டது. அதன் 25-ஆவது பிரிவு, காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் எதையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. நம் ஊர் காவல் நிலையத்துக்குள் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. 1987-ல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15-ஆவது பிரிவு அந்தக் காப்பை எடுத்துவிட்டது. கண்காணிப்பாளர் பதவியில் உள்ள காவல் அதிகாரி எழுதிக்கொண்டால் போதும், சாட்சியம். அருகில் வழக்கறிஞர் வேண்டாம், மாஜிஸ்திரேட் வேண்டாம். விசாரணை மூடிய அறையில். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் கிடையாது, நேராக உச்ச நீதிமன்றம். இந்தப் பிரிவு செல்லும் என்று 1994-ல் கர்த்தார் சிங் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னபோதும், ஐவரில் இருவர், கே. ராமசாமியும் ஆர்.எம். சஹாயும், ஒப்பவில்லை. மறு ஆண்டே தடா காலாவதியானது. அதில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் மட்டும் காலாவதியாகவில்லை.

1998 ஜனவரி 28-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும். 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தது. 19 பேருக்குக் கொலைச் சதியில் பங்கு நிரூபிக்கப்படவில்லை, சிறு குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கெனவே கழித்துவிட்டார்கள் என்று வெளியே வந்தார்கள். மூவருக்கு ஆயுள். நால்வருக்குத் தூக்கு உறுதியானது. அந்த நால்வரில் பேரறிவாளனும் ஒருவர்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அதை நம் ஊரில் பலர் கவனிப்பதே இல்லை. இந்தக் கொலை, தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லி, அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. பயங்கரவாதி என்ற சொல்லை இன்றைக்கும் தொலைக்காட்சி விவாதங்களில் சிலர் அவர்மேல் எறிகிறார்கள். நாட்டின் தலைமை நீதிமன்றம் 1999-லேயே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்று முடித்துவிட்டது. ஆனால் தடா என்ற கதவு இருந்ததால் மட்டுமே உள்ளே வந்த வாக்குமூலத்தை, கதவு இல்லை என்றான பிறகும், வெளியே அனுப்பவில்லை. சாதாரணக் கொலை வழக்காக முதலிலிருந்தே நடந்திருந்தால் 25-ஆவது பிரிவின்படி அந்தத் தாளை யாரும் நீதிபதியின் மேசையில் வைத்திருக்கவே முடியாது. சட்டம் படித்தவர்கள் இதற்கு ஒரு பிரிவு எண்ணைக் காட்டி விளக்கம் சொல்வார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். விளக்கம் புரிந்தது, நியாயம் புரியவில்லை.

அவருக்கு எதிராக இருந்தவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. சிவராசனோடு பழக்கம் இருந்தது. புலிகள்மீது பற்று இருந்தது. மோட்டார் சைக்கிள் வாங்கியதில் அவர் பெயர் வருகிறது. மே 7-ல் சென்னையில் வி.பி. சிங் பேசிய கூட்டத்துக்குக் கொலையாளிகள் ஒத்திகை பார்க்கப் போனபோது இவரும் இருந்தார் என்று அரசுத் தரப்பு சொன்னது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். சந்தேகம் வரட்டும். ஆனால் அதே மே 7 தேதியிட்ட வயர்லெஸ் செய்தி ஒன்றும் வழக்கில் இருக்கிறது. சிவராசன், புலிகளின் உளவுத் தலைவர் பொட்டு அம்மானுக்கு அனுப்பியது. நம் நோக்கம் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற பொருளில் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. தியாகராஜனும் தன் பிரமாணப் பத்திரத்தில் இதைச் சுட்டினார். சிவராசன், தணு, தணுவின் கூட்டாளி சுபா. அந்த மூவரில் பேரறிவாளன் இல்லை. சதிகாரனே தன் தலைமைக்கு ரகசியமாக அனுப்பிய சொல்லைவிட, காவலில் இருந்த பையனிடம் அதிகாரி எழுதிக்கொண்ட சொல்லுக்கு எடை கூடிப்போனது எப்படி?

இதைச் சரிபார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. விடுபட்ட வரியை முன்வைத்து 1999 தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று பேரறிவாளன் மனுப் போட்டார். சிபிஐ எதிர்த்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வாக்குமூலத்தை எழுதியவரையே கூண்டில் ஏற்றி, எதைக் கேட்டீர்கள், எதை விட்டீர்கள், உங்கள் குறிப்பேடு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. குறுக்கு விசாரணை செய்து அவர் சொல்வது பொய் என்றே முடிவாகியிருந்தாலும் நான் ஏற்றிருப்பேன். கேட்கவே இல்லை என்பதுதான் ஆறவில்லை.

குண்டை யார் செய்தது என்பதும் அப்படியே நிற்கிறது. கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, பெரிய சதியைத் துப்பறிய 1998-ல் பல்நோக்குக் கண்காணிப்பு முகமை ஒன்றை அமைத்தார்கள். அந்தப் பெல்ட் எங்கே தயாரானது, யார் கையால் என்று அது என்ன கண்டுபிடித்தது எனச் சிறையிலிருந்தே பேரறிவாளன் நீதிமன்றம் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூடிய உறைகளில் அறிக்கைகள் போயின. 2022-ல் அந்த முகமையைக் கலைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் நடந்த ஒரு விசாரணை என்ன கண்டது என்று மக்களுக்கு ஒரு பக்கம்கூடச் சொல்லப்படவில்லை. பேட்டரி வாங்கியவரைத் தெரிந்த நாட்டுக்கு, குண்டு செய்தவரைத் தெரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் இறந்த காவலர்களின் வீடுகளை நான் மறக்கவில்லை. விடுதலையை எதிர்த்து அந்தக் குடும்பங்களிலிருந்து எழுந்த குரல்களைக் கேட்டிருக்கிறேன். அப்பா காலையில் பந்தோபஸ்துக்குப் போனார், திரும்பவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும்போது எதிரில் நின்று வாதம் பேச முடியாது. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு நாடு கடன்பட்டிருப்பது முழு உண்மை. பாதி எழுதிய வாக்குமூலத்தைக் கையில் கொடுத்து இதுதான் நீதி என்று 22 ஆண்டுகள் அவர்களையும்தான் ஏமாற்றியிருக்கிறோம்.

வேறொரு நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1974 நவம்பர் 21-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு அயர்லாந்துக்காரர்களைப் பிடித்தார்கள். காவலில் ஒப்புதல் எழுதி வாங்கினார்கள். அடுத்த ஆண்டே ஆயுள் தண்டனை. அடித்து வாங்கிய ஒப்புதல் என்று அவர்கள் போலீஸ் மீது வழக்குப் போட்டபோது, இது உண்மை என்றானால் போலீஸே பொய் சொன்னதாகிவிடும், அதை நினைத்தே பார்க்க முடியாது என்ற ரீதியில் ஒரு பெரிய நீதிபதி அதைத் தள்ளினார். 16 ஆண்டுகள் கழித்து 1991 மார்ச் 14-ல் ஆறு பேரும் குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள். அங்கே அவர்கள் வெளியே வந்த மூன்றாம் மாதம் இங்கே பேரறிவாளன் உள்ளே போனார். அந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அவர்கள் விடுதலையான அன்றே பிரிட்டன் அரசு ஓர் அரச ஆணையத்தை அறிவித்தது. அதன் விளைவாக 1997-ல் குற்ற வழக்குகளை மறுபரிசீலனை செய்யும் தனி ஆணையம் ஒன்று வேலையைத் தொடங்கியது. தண்டனை பெற்றவர் அதற்கு எழுதலாம். ஆவணங்களைக் கேட்டு வாங்க அதற்கு அதிகாரம் உண்டு. தண்டனை நிற்காது என்பதற்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினால் வழக்கை மீண்டும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பும். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. மறுசீராய்வு மனு, குறைதீர் மனு, அதற்கு மேல் கருணை மனு. நிரபராதி என்று சொல்பவரும் கடைசியில் கருணை கேட்டுத்தான் நிற்க வேண்டும். செய்யாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கும் மனுவில் என்ன எழுதுவது? அற்புதம் அம்மாள் இத்தனை ஆண்டுகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக, கதவு கதவாக அலைந்தது, அந்த இல்லாத ஆணையத்தின் வேலையை ஒரு தாய் தனியாகச் செய்தது.

தடா போனது, 2002-ல் அதே வகையான பொடா சட்டம் வந்தது. அதன் 32-ஆவது பிரிவிலும் போலீஸ் ஒப்புதல் செல்லும். 2004-ல் அதுவும் போனது. இப்போது அப்படி ஒன்றும் இல்லையே என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். இருக்கிறது. மகாராஷ்டிராவின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம் (மோகா என்பார்கள்) 18-ஆவது பிரிவில் அதே ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதை மத்திய அரசே 2002-ல் டெல்லிக்கும் நீட்டித்தது. குஜராத்தின் சட்டத்துக்கு 2019-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, அதிலும் உண்டு. பழைய 25-ஆவது பிரிவு இப்போது பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் 23-ஆவது பிரிவாக இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே இந்த ஓட்டைகளும் இருக்கின்றன. இன்றைக்கும் எங்கோ ஒரு அறையில் ஒரு கண்காணிப்பாளர் எதை எழுதுவது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.

நான் உங்களிடம் கேட்பது மூன்று.

கலைக்கப்பட்ட கண்காணிப்பு முகமையின் அறிக்கைகளை அவையில் வைக்கச் சொல்லி உள்துறை அமைச்சரிடம் கேள்வி எழுப்புங்கள். எதை வெளியிட முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போலீஸ் ஒப்புதலைச் சாட்சியமாக்கும் ஏற்பாட்டை டெல்லியிலிருந்து முதலில் எடுக்கச் சொல்லுங்கள், அது மத்திய அரசின் கையில் இருப்பது. மூன்றாவது, தண்டனைகளை மறு ஆய்வு செய்யத் தனி ஆணையம் கோரி ஒரு தனிநபர் மசோதா. தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-ல் தன் 277-ஆவது அறிக்கையில் சொன்னது. அதையும் அந்த மசோதாவில் சேர்க்கலாம்.

தனிநபர் மசோதா எங்கே நிறைவேறப் போகிறது என்று சொல்லாதீர்கள். 2015 ஏப்ரலில் திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவையில் நிறைவேற்றிக் காட்டியவர் திருச்சி சிவா. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த அவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா அது. நம் ஊரிலிருந்து போனவர்தான். கட்சி பார்க்காமல் 57 பேரும் கையெழுத்திட்டால் குறைந்தபட்சம் அவையில் பேச்சாவது எழும். பேரறிவாளன் பெயரைப் பல தேர்தல்களில், பல மேடைகளில், ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் உச்சரித்திருக்கின்றன. அந்தக் கைத்தட்டல்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலைத் திருப்பிக் கொடுங்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். கேள்வியும் பதிலும் அவைக்குறிப்பில் வந்தால் போதும், நான் தேடிப் படித்துக்கொள்வேன்.

மதிப்புடன்,
1991-ல் எலெக்ட்ரானிக்ஸ் படித்த ஒரு வாக்காளன்